கோபுரமில்லாத முகப்பு: ருவானில் சேன் மக்லூ

வியாழன்

பாரிஸின் சேன் லசார் நிலையத்தில் ஏறினால் நார்மண்டிப் பகுதியிலுள்ள ருவானுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். செயின் ஆறு வளைந்து வளைந்து வர, ரயில் அதைக் குறுக்கே வெட்டி வெட்டிப் போகிறது. சித்தப்பா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பாலத்துக்கும் சன்னல் பக்கம் எழுந்து போய் நின்றுகொண்டார்.

ருவானுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பேராலயத்துக்காகத்தான் வருகிறார்கள். 1892, 93ஆம் ஆண்டுகளில் ஓவியர் மோனே காலை, மதியம், மாலை என்று மாற்றி மாற்றி வரைந்த முகப்பு அது. அதன் கூர்கோபுரம் 151 மீட்டர், வார்ப்பிரும்பு. 1876இல் முடிந்தபோது உலகத்திலேயே உயரமான கட்டடம், நான்கு ஆண்டுகளுக்கு மட்டும். நாங்களும் அண்ணாந்து பார்த்தோம், படம் எடுத்தோம். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வேலை அதன் பின்னால் இருக்கிற தெருவில்.

பேராலயத்தின் வடக்குச் சுவரை ஒட்டிக் கிழக்கே போவது சேன் ரொமேன் தெரு. இரண்டு பக்கமும் மரச்சட்டம் தெரியும் பழைய வீடுகள், சில தெருப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கின்றன. வலப்பக்கம் பேராயர் அரண்மனை. 1456இல் ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) மீதான தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தது இங்கேதான், அவளை எரித்து 25 ஆண்டுகள் கழித்து. தெரு முடிந்து பெரிய சாலையைக் கடந்தால் சின்னச் சதுக்கம். எதிரே சேன் மக்லூ கோயில்.

முதல் பார்வையிலேயே சித்தப்பா கேட்டார்: "டேய், ரெண்டு பக்கமும் கோபுரம் வரணுமே. காசு தீந்துபோச்சா?"

நியாயமான கேள்வி. பிரான்சில் பெரிய கோயில் என்றால் மேற்கு முகப்பில் இரட்டைக் கோபுரம் இருக்கும் என்று நாம் பழகிவிட்டோம். இங்கே அது திட்டத்திலேயே இல்லை. கட்டடத்துக்கு நடுவில், சிலுவையின் இரண்டு கைகளும் சேரும் இடத்தில், ஒரே ஒரு கோபுரம். முகப்பில் இருப்பதெல்லாம் ஐந்து வளைவுகள் கொண்ட ஒரு நுழைவு மண்டபம். அதுவும் நேர்கோட்டில் இல்லை. நடு வளைவு முன்னால் வந்து நிற்க, ஓரத்து வளைவுகள் இரண்டும் பின்னால் சாய்ந்து விலகுகின்றன, விரித்து வைத்த மடக்குத் தட்டி மாதிரி. ஐந்தில் மூன்றுக்குத்தான் கதவு. ஒவ்வொரு வளைவின் தலையிலும் முக்கோணச் சிகரம், அதில் பாதிக்கு மேல் வெற்றிடம், கல் வழியாக வானம் தெரிகிறது. கோடுகள் எல்லாம் தீ நாக்குகளாக நெளிந்து மேலே போகின்றன. கூர்வளைவுகள் கொண்ட மத்தியகாலக் கட்டடப் பாணியான பிரெஞ்சு கோத்திக்கின் கடைசிக் கட்டமான 'ஃபிளாம்பாயன்' பாணியைப் பாடமாக நடத்த வேண்டுமென்றால் ஆசிரியர்கள் முதலில் காட்டுவது இந்த முகப்பைத்தான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நகரத்தில் சில நிமிட நடையில் மூன்று பெரிய கோயில்கள் இருக்கின்றன. பேராலயம் பேராயருடையது. சேந்த்துவான் துறவிகளுடையது, 137 மீட்டர் நீளம். சேன் மக்லூ வெறும் பங்குக் கோயில். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு என்று அக்கம்பக்கத்துச் சனங்கள் வந்துபோகிற இடம். அந்தச் சனங்கள் யார் என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

வெள்ளி

காலையில் தூறல். இந்த ஊருக்கு 'நார்மண்டியின் மூத்திரச் சட்டி' என்று பட்டப்பெயர் உண்டு. கோயிலின் வடமேற்கு மூலையில் ஒரு பழைய நீரூற்று. அதில் இரண்டு சின்னப் பையன்கள் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கல் ரொம்பத் தேய்ந்துவிட்டது. கோயில் சுவரிலேயே இப்படி ஒன்றை வைக்க யாரும் கூச்சப்படவில்லை என்பது பிடித்திருந்தது.

கோயிலுக்குப் பின்னால் ரொபெக் என்று ஒரு ஓடை. இன்று அதன் பெயரில் உள்ள தெருவில் அலங்காரத்துக்கு ஒரு வாய்க்கால் ஓடுகிறது. முன்பு அதன் கரையெல்லாம் சாயப்பட்டறை. மத்தியகால ருவான் கம்பளித் துணியால் வாழ்ந்த ஊர். நெசவாளர், சாயக்காரர், துணி வியாபாரி எல்லோரும் பழைய ரோமானிய மதிலுக்குக் கிழக்கே, ஓடைப் பக்கம்தான் குடியிருந்தார்கள். அவர்களுடைய பங்கு இது. மக்லூ என்பவர் பிரெத்தாஞ் பகுதியில் ஆயராக இருந்த பழைய புனிதர். சேன் மாலோ என்ற துறைமுக நகரத்துக்குப் பெயர் தந்தவரும் அவரே.

இங்கே முதலில் இருந்த கோயில் பழையதாகி இடிந்துகொண்டிருந்தது. புதியதற்கு 1437இல் திட்டம் வரைந்தவர் பியேர் ரொபேன். அந்த ஆண்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி ஆறு மாதம் முற்றுகையிட்டு, ஊரைப் பட்டினி போட்டு, 1419 ஜனவரியில் ருவானைப் பிடித்தான். 1431 மே 30இல், இங்கிருந்து பதினைந்து இருபது நிமிட நடையில், சந்தைத் திடலில் ழான் தார்க்கை எரித்தார்கள். ஆங்கிலேயர் வெளியேறியது 1449இல். ஆக, கோயிலுக்குக் கடைக்கால் போட்டபோது ஊர் அயலார் கையில். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போர் முடியவில்லை, எப்போது முடியும் என்றும் தெரியாது.

இதை 'அடிமைப்பட்ட மக்களின் எதிர்ப்புக் குரல்' என்று எழுத ஆசை வரும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வியாபாரிகளுக்கு அரசன் யாராக இருந்தாலும் கடை திறக்க வேண்டும். துஃபூர் என்ற வியாபாரக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்தக் கட்டடத்துக்குக் கொடுத்திருக்கிறது. கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டவர்கள் பங்கின் பொருளாளர்கள், அவர்களும் ஊர்க்காரர்களே. பேராலயத்திலும் திருப்பணி ஓடிக்கொண்டிருந்தது, சேந்த்துவானிலும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பெரிய வீட்டுக்கு நடுவில் தங்கள் வீடு மட்டும் ஓட்டையாக இருப்பதை இவர்கள் பொறுக்கவில்லை. பக்தி இருந்தது, ரோஷமும் இருந்தது. முகப்பைப் பார்த்தால் ரோஷத்தின் பங்கு அதிகம் என்றே சொல்வேன்.

இடம் குறைவு, பணமும் பேராயர் அளவுக்கு இல்லை. எனவே நீளத்தில் போட்டி போடவில்லை. தெருவில் நடப்பவன் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் மொத்தக் கைவேலையையும் இறக்கிவிட்டார்கள். கோயில் அபிஷேகமானது 1521இல். நூறு வருடத்துக்குப் பக்கத்தில், எத்தனையோ மேஸ்திரிகள் மாறியும், ரொபேன் போட்ட முதல் திட்டத்தை விட்டு யாரும் பெரிதாக விலகவில்லை. மத்தியகாலக் கட்டடங்களில் இது அபூர்வம். பொதுவாக ஒவ்வொரு தலைமுறையும் தன் ரசனையை நுழைக்காமல் விடாது.

நடு வாசலுக்கு மேலே இறுதித் தீர்ப்புக் காட்சி. அதற்குக் கீழே மரக்கதவுகள், இவை பின்னால் வந்தவை, 1550களின் வேலை. கோத்திக் சட்டத்துக்குள் மறுமலர்ச்சிக் காலத்துக் கதவு. இடது கதவில் இயேசுவுக்கு விருத்தசேதனம், வலது கதவில் யோர்தானில் ஞானஸ்நானம்: பழைய உடன்படிக்கையின் அடையாளமும் புதியதின் அடையாளமும் பக்கத்துப் பக்கத்துக் கதவாக. இடப்பக்க வாசலில் நல்ல ஆயன். இவற்றைச் செதுக்கியவர் சிற்பி ழான் கூழோன் என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஆனால் அந்த வருடங்களில் அவர் பாரிஸில், லூவ்ர் அரண்மனை வேலையில் இருந்தார். அவர் கை பட்டதற்கு உறுதியான சான்று இந்தக் கோயிலில் வேறு இடத்தில் இருக்கிறது. அது நாளைக்கு.

சித்தப்பா கதவில் இருந்த சிங்கத் தலையைத் தட்டிப் பார்த்தார். "பித்தளையா வெண்கலமா?" என்றார். தெரியவில்லை என்றேன். "அப்ப என்னத்த படிச்சுட்டு வந்த?" என்றார்.

மதியத்துக்குப் பிறகு மார்த்தேன்வில் தெரு. 186ஆம் எண்ணில் ஒரு சந்து, அதைத் தாண்டினால் மரங்கள் நிழல் விழுத்தும் பெரிய முற்றம். நாலு பக்கமும் மரச்சட்டக் கட்டடம், நாற்காலி போட்ட காபிக் கடை, பீங்கான் கலைக்கூடம். குழந்தைகள் ஓடுகிறார்கள். இதுதான் சேன் மக்லூ பங்கின் கல்லறைத் தோட்டம்.

1348இல் கொள்ளைநோய் வந்தபோது கோயிலைச் சுற்றியிருந்த மண் போதவில்லை. இங்கே இடம் வாங்கினார்கள். பொதுக்குழிதான், பெயர் வெட்டிய கல் எல்லாம் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் மறுபடி நோய் வர, மறுபடி இடம் போதவில்லை. 1526க்கும் 1533க்கும் இடையில் மூன்று பக்கமும் தாழ்வாரங்கள் எழுப்பினார்கள். அவற்றின் மேல்தளம் எதற்கென்றால், குழியைத் தோண்டிப் பழைய எலும்புகளை எடுத்து அடுக்கி வைக்க. கீழே புதிதாக இறந்தவர்களுக்கு இடம் விட்டு, பழையவர்கள் மாடிக்குப் போனார்கள்.

உத்தரங்களில் செதுக்கியிருப்பதைப் பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும். மண்டையோடு, தொடை எலும்பு, மண்வெட்டி, சவப்பெட்டி, மணி. வரிசை வரிசையாக, எந்த உணர்ச்சியும் இல்லாமல், வெட்டியான் தன் சாமான்களைக் கணக்கெடுத்து வைத்தது போன்ற ஒழுங்கு. கீழே கல்தூண்களில் 'மரண நடனம்': ஒவ்வொருவரையும் சாவு கையைப் பிடித்து இழுத்துப் போகிறது, அரசனாக இருந்தாலும் குருவாக இருந்தாலும். பெரும்பாலான உருவங்களுக்குத் தலையோ கையோ இல்லை. 1562இல் சீர்திருத்தச் சபையார் (புராட்டஸ்டன்டுகள்) நகரைப் பிடித்தபோது ருவானின் கோயில்களில் சிலை உடைப்பு நடந்தது, அந்தக் காலத்துக் காயங்கள்.

நான்காவது பக்கம் பதினேழாம் நூற்றாண்டில் வந்தது. அப்போதே இங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார்கள். முற்றத்தில் புதைத்துக்கொண்டிருந்தார்கள், மாடியில் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. அடக்கம் செய்வது நின்றது 1781இல். பிறகு பெண்கள் பள்ளி, இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் நுண்கலைப் பள்ளி, பழுதுபார்த்து 2020இல் திறந்த பிறகு இப்போதைய கோலம். சுவருக்குள் கண்டெடுத்த ஒரு பூனையின் காய்ந்த உடலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. கெட்டது அண்டாமல் இருக்கப் பூனையை வைத்துச் சுவர் எழுப்புவது ஐரோப்பாவில் பல இடங்களில் இருந்த பழக்கம்.

சித்தப்பா காபி வேண்டாம் என்றார். எலும்பு வைத்த மாடிக்குக் கீழே உட்கார்ந்து எதையும் குடிக்க மாட்டாராம். நான் குடித்தேன்.

சனி

இது நாள் முழுதும் திறந்து கிடக்கிற கோயில் இல்லை, நேரம் பார்த்து வர வேண்டும். இன்று உள்ளே போனோம்.

எதிர்பார்த்ததைவிடச் சின்னது. முகப்பு அவ்வளவு ஆரவாரம் செய்துவிட்டு உள்ளே விட்டால், மக்கள் நிற்கும் பகுதி மூன்றே அங்கணம், அதாவது மூன்று தூண் இடைவெளி. கொஞ்சம் நடந்தால் நடுக்கோபுரத்துக்கு அடியில் வந்துவிடுகிறோம். மேலே பார்த்தால் கோபுரம் உள்ளே திறந்திருக்கிறது, அதன் சன்னல்களிலிருந்து வெளிச்சம் நேராகத் தரையில் இறங்குகிறது. அங்கே நின்றால் வாசலும் கிழக்குக் கோடியும் ஏறக்குறைய ஒரே தூரம். நீளக் கோயிலாகத் தெரிந்தது வட்டக் கோயிலாக மாறத் தொடங்குகிறது. அப்போதுதான் முகப்பு ஏன் வளைந்திருக்கிறது என்பதும் பிடிபட்டது: கிழக்குக் கோடியும் பலகோண வளைவு, மேற்கு முகப்பும் பலகோண வளைவு. இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று பதில்.

கிழக்குக் கோடியில் இன்னொரு குறும்பு. பலிபீடத்தைச் சுற்றி வரும் நடையில் நான்கு சிற்றாலயங்கள். நான்கு என்பது இரட்டைப்படை என்பதால் நட்டநடுவில் சிற்றாலயம் இல்லை. பெரும்பாலான கோயில்களில் மாதாவுக்கென்று விடும் அந்த இடத்தில் இங்கே ஒரு தூண் நிற்கிறது. கண் நேரே போய் அதில் முட்டி, இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் வழிகிறது. சிலருக்கு இது குறையாகப் படலாம். ஒரே குவிமையம் இல்லாததால் கால்கள் தாமாகச் சுற்றி வரத் தொடங்குகின்றன. எனக்கு இது சரியான முடிவாகவே பட்டது.

சித்தப்பா தூணையே சுற்றிக்கொண்டிருந்தார். "போதிகையே இல்லையேடா. தூண் எங்க முடியுது, வளைவு எங்க ஆரம்பிக்குது?"

எங்கேயும் இல்லை. பழைய கோத்திக்கில் தூணின் தலையில் இலை செதுக்கிய ஒரு பகுதி இருக்கும், அங்கே தூண் முடிந்ததாகக் கணக்கு. இந்தப் பாணியில் அதை எடுத்துவிட்டார்கள். தரையில் தொடங்கும் மெல்லிய கல்விளிம்பு எங்கும் நிற்காமல் ஏறி, வளைந்து, கூரையின் விலா எலும்பாகிவிடுகிறது. பாரம் தாங்குகிற உறுப்பு எது, அலங்காரம் எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. அவர் வெளியே போய், சுவரை வெளியிலிருந்து தாங்கும் முட்டுவளைவுகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தார். "உள்ள இருக்கற கனத்தையெல்லாம் வெளிய அனுப்பிட்டு, உள்ள ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கறாங்க" என்றார். இந்தப் பயணத்தில் கேட்ட கட்டடக்கலை விளக்கங்களிலேயே இதுதான் தெளிவு.

நேற்றுச் சொன்ன கூழோன் விஷயம். வாசலுக்கு மேலே ஆர்கன் இசைக்கருவி வைத்த மாடம். அதைத் தாங்குகிற இரண்டு பளிங்குத் தூண்களை அவர் செய்தது 1541இல். அவர் வாழ்க்கையைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய பதிவே ருவானில் அந்த ஆண்டில் செய்த வேலைகளுக்கானது. பின்னாளில் பிரெஞ்சு மறுமலர்ச்சியின் முதல் வரிசைச் சிற்பியாக ஆகப்போகிறவர், இங்கே ஆர்கனுக்குக் கால் வைத்துக்கொண்டிருக்கிறார். நேர்த்தியான ரோமானியத் தூண்கள். சுற்றிலும் நெளியும் கோத்திக்குக்கு நடுவில் அவை விறைப்பாக, கொஞ்சம் அந்நியமாகத்தான் நிற்கின்றன.

பக்கத்தில் மாடத்துக்கு ஏறும் சுருள் படிக்கட்டு. இது அவருக்கு முந்திய தலைமுறையின் வேலை, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம், பியேர் கிரேங்குவார் என்ற கொத்தனார் செய்தது. முதலில் இது இங்கே இல்லை. குருக்கள் பகுதியையும் மக்கள் பகுதியையும் பிரித்து ஒரு கல் தடுப்பு இருந்தது, அதன் மேல் ஏறுவதற்கான படி. தடுப்பு பிற்காலத்தில் போய்விட்டது. படி மட்டும் இடம் மாறிப் பிழைத்தது. சுற்றுச்சுவர் முழுக்கக் குடைந்து குடைந்து வேலை. யாராவது ஏறினால் கால் முதல் தலை வரை துண்டு துண்டாகத் தெரிவார்கள்.

வெளியே வந்து மேலே பார்த்தபோது கூர்கோபுரம். இது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்வேலை. வடிவமைத்த பார்த்தெலெமியின் பெயர்தான் வாசல் சதுக்கத்துக்கும். முன்பு இருந்தது மரமும் ஈயமும், பதினெட்டாம் நூற்றாண்டில் போய்விட்டது. புதியது குற்றமில்லை, கொஞ்சம் வறட்சி. கீழே இருப்பவர்கள் விளையாடிய அளவுக்கு மேலே இருப்பவருக்குத் துணிச்சல் வரவில்லை.

ஞாயிறு

காலையில் சேன் மார்க் திடல் சந்தை, கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். இதய வடிவில் நஃப்ஷாத்தெல் பாலாடைக்கட்டி, ஆப்பிள், ஆப்பிள் சாறு, ஆப்பிள் மது. சித்தப்பா ஆப்பிளோடு நிறுத்திக்கொண்டார்.

நேற்று உள்ளே பார்த்தபோது கிழக்குப் பக்கத்துக் கல் மற்ற இடங்களைவிட வெளுத்திருந்தது. காரணம் 1944. நேசநாட்டு விமானங்கள் செயின் ஆற்றுப் பாலங்களைக் குறிவைத்தன. மே 30 முதல் ஜூன் 5 வரையான வாரத்தை ஊர்க்காரர்கள் இன்றும் 'சிவப்பு வாரம்' என்கிறார்கள். குண்டுகள் பாலத்தில் மட்டும் விழவில்லை. சேன் மக்லூவின் கிழக்குப் பகுதி கடுமையாக அடிவாங்கியது. 1840இல் பிரான்ஸ் போட்ட முதல் பாதுகாப்புப் பட்டியலிலேயே இடம்பெற்ற கோயில்தான், ஆனாலும் மறுபடி திறக்க 1980 ஆகிவிட்டது. முப்பத்தாறு வருடம் ஒரு பங்குக்குக் கோயில் இல்லை. திரும்பக் கட்டியபோது புதிதாக எதையும் காட்டிக்கொள்ளவில்லை. உடைந்தது எப்படி இருந்ததோ அப்படியே செதுக்கி வைத்தார்கள்.

அதற்கு நேர் எதிரான முடிவைப் பார்க்க மதியம் பழைய சந்தைத் திடலுக்குப் போனோம். ழான் தார்க் எரிந்த இடம். இங்கே 1979இல் லூயி அரேத்ஷ் கட்டிய புதுக் கோயில், கவிழ்ந்த படகும் மீனும் கலந்த கூரை. ருவானில் சேன் வேன்சான் என்று இன்னொரு பங்குக் கோயில் இருந்தது, 1944 குண்டில் அது மொத்தமாகப் போயிற்று. அதன் பதினாறாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிகளை மட்டும் போருக்கு முன்பே யாரோ புத்தியாகக் கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அவை இந்தப் புதுக் கோயிலின் ஒரு பக்கச் சுவர் முழுக்க நிற்கின்றன. பழைய கோயிலில் தலைக்கு மேல் எங்கோ இருந்திருக்கும். இங்கே கிட்டப் போய் முகங்களைப் பார்க்கலாம். கட்டடம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, கண்ணாடிக்காக மன்னித்துவிட்டேன். சித்தப்பாவுக்கு நேர்மாறு. கூரையின் மரவேலையை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

"சரி, இதையெல்லாம் பராமரிக்கறது யாரு? சபையா?" என்று திரும்பும்போது கேட்டார்.

சேன் மக்லூவைப் பொறுத்தவரை இல்லை. மதத்தையும் அரசையும் பிரித்த 1905 சட்டத்தின் வழியாக, அதற்கு முன்பே இருந்த பங்குக் கோயில்கள் உள்ளாட்சியின் சொத்து. பேராலயங்கள் நாட்டு அரசின் சொத்து. வழிபாடு நடத்த சபைக்கு உரிமை உண்டு, கூரை ஒழுகினால் நகராட்சிதான் பார்க்க வேண்டும். ஆக, சாயப்பட்டறைக்காரர்கள் காசு போட்டுக் கட்டியது மறுபடி ஊர்க்காரர் வரிப்பணத்திலேயே நிற்கிறது.

"அப்ப டெண்டர் விடுவாங்க" என்றார் சித்தப்பா, ரொம்ப நாளைக்குப் பிறகு தெரிந்தவரைப் பார்த்த முகத்தோடு.

நாளை காலை ரயிலில் கான் நகரம், இதே நார்மண்டியில். அங்கேயும் பேராலயம் அல்லாத ஒரு பெரிய பங்குக் கோயில், சேன் பியேர். அதன் கூர்கோபுரமும் 1944 ஜூனில்தான் விழுந்தது. திரும்பக் கட்டியதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.